வீட்டுத் தேநீரின் ஆற்றல் கணக்கு: பால், அடுப்பு, தூள் குறித்த முழுமையான வழிகாட்டி

வீட்டில் தேநீர் போடுவதால் சுற்றுச்சூழலுக்கு ஏற்படும் செலவைக் குறைக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தால், உடனே அடுப்பை மாற்றுவதைப் பற்றித்தான் யோசனை சொல்லப்படுகிறது. பால் கலந்து குடிக்கும் வீடுகளில் அடுப்பின் பங்கு உண்மையில் சிறியது. பெரிய பங்கு பாலுக்கு உரியது. ஆகவே எதை முதலில் மாற்றுவது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது, எதைப் பற்றிக் கவலையே பட வேண்டாம் என்ற வரிசையில்தான் இந்த வழிகாட்டி அமைந்திருக்கிறது.

இங்கே வரும் கணக்குகள் தமிழ்நாட்டில் சாதாரணமாகக் காணப்படும் ஒரு வீட்டை வைத்துப் போடப்பட்டவை. நான்கு பேர், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஆளுக்கு 150 மில்லி, பாத்திரத்தில் ஊற்றுவது 360 மில்லி தண்ணீரும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த 300 மில்லி பாலும், கொதித்து ஆவியாவது 60 மில்லி. உங்கள் வீட்டு அளவு வேறாக இருந்தால் விகிதப்படி கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

முதல் படி: உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 4.2 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். அதன்படி 30 டிகிரியில் இருக்கும் 360 மில்லி தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 105 கிலோ ஜூலும், 5 டிகிரியில் இருக்கும் 300 மில்லி பாலைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 115 கிலோ ஜூலும், பாத்திரம் சூடாவதற்கு இன்னும் கொஞ்சமும் செலவாகும். இவற்றோடு ஆவியாகிப் போகும் அந்த 60 மில்லிக்கான ஆற்றலையும் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்குவதற்கு 2,257 கிலோ ஜூல் தேவைப்படுவதால், இந்த 60 மில்லிக்கு மட்டும் 135 கிலோ ஜூல் ஆகிவிடுகிறது. மொத்தம் 370 கிலோ ஜூலில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது சமையலறைக் காற்றில் கலந்துவிடுகிறது என்பதை இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு அடுப்பிலிருந்து வெளிப்படும் வெப்பம் முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் விதித்திருந்தாலும், அது சோதனைக்கூடத்தில் தக்க அளவுள்ள பாத்திரத்தை வைத்து அளக்கப்படுவது. தேநீர் போடும் சிறிய பாத்திரத்துக்கு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். ஒரு கிராம் சமையல் எரிவாயுவில் 46 கிலோ ஜூல் ஆற்றல் இருப்பதால், ஒருமுறை தேநீர் போட 16 கிராம் எரிவாயு செலவாகிறது என்று கணக்கு வருகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் 3 கிலோ கரியமில வாயு வெளியேறும். ஆக, ஒரு வேளைக்கு 48 கிராம், ஒரு கோப்பைக்கு 12 கிராம். ஆண்டு முழுவதும் இப்படியே போட்டால் ஒரு 14.2 கிலோ சிலிண்டரில் ஐந்தில் நான்கு பங்கு தேநீருக்கே போகும்.

இனிப் பாலுக்கு வருவோம். மாடுகள் அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன், தீவனம், சாணம், குளிரூட்டல், போக்குவரத்து ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு லிட்டர் பாலுக்கு உலகச் சராசரியாக 2.5 முதல் 3 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றம் கணக்கிடப்படுகிறது. கறவை குறைந்த மாடுகள் மிகுந்த தெற்காசியாவில் லிட்டருக்கான அளவு இந்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். சராசரியையே எடுத்துக்கொண்டாலும், ஒரு வேளைக்கான 300 மில்லி பாலின் பங்கு 750 முதல் 900 கிராம். எரிவாயுவின் 48 கிராமுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

நம்முடைய சிறு விவசாயக் குடும்பங்களில் மாடு வைக்கோலையும் தவிட்டையும் தின்று, பாலோடு எருவையும் தந்து, நாள்தோறும் கையில் கொஞ்சம் காசையும் தருகிறது என்பதால், பாலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமல்ல. வாங்கிய பாலை வீணாக்காமலும் தேவைக்கு மேல் ஊற்றாமலும் இருப்பதே இங்கே சொல்லவருவது.

இரண்டாம் படி: பாலின் அளவைத் தீர்மானியுங்கள்

பாதிக்குப் பாதி பால் ஊற்றும் வீட்டில், இரண்டு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு பால் என்று மாற்றினால் கோப்பைக்கு 25 மில்லி பால் குறையும். இந்த 25 மில்லியில் மிச்சமாகும் வெளியேற்றம் 60 கிராமுக்கு மேல். அதாவது, நான்கு பேருக்கும் சேர்த்து எரிக்கும் எரிவாயுவின் கணக்கைவிட ஒரேயொரு கோப்பையில் குறையும் பாலின் கணக்கு அதிகம். அடுப்புச் சிக்கனத்தைப் பற்றி எழுதப்படும் எந்த ஆலோசனையும் இந்த ஒரு மாற்றத்துக்கு ஈடாகாது.

மாற்றத்தை ஒரே நாளில் செய்தால் வீட்டில் எதிர்ப்பு வரும் என்பது உறுதி. வாரத்துக்கு ஒரு குழிக்கரண்டி அளவாகக் குறைத்து, அதற்கேற்ப டிகாஷனைச் சற்றுத் திடமாக எடுத்தால் நிறமும் கடுப்பும் கெடாது. கொழுப்பு கூடிய பாலைக் குறைவாக ஊற்றலாம் என்பதும் ஒரு வழிதான். ஆனால் கொழுப்பும் புரதமும் கூடக்கூடப் பாலின் சுற்றுச்சூழல் செலவும் கூடுவதால், அதில் கிடைக்கும் லாபம் தோன்றும் அளவுக்கு இருக்காது.

நாளின் ஒரு வேளையையாவது பாலில்லாத தேநீராக மாற்ற முடிந்தால் கணக்கு அடியோடு மாறிவிடும். பாலில்லாத ஒரு கோப்பைக்கு அடுப்பிலிருந்து வெளியேறுவது 10 கிராம் அளவுதான். தூளுக்கும் சர்க்கரைக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும் பால் தேநீரின் ஒரு சிறு பகுதியே ஆகும். யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் பிளேன்ரீ என்று பெரிய குவளை நிறையக் குடிப்பவர்கள் இதை ஒரு தியாகமாக நினைப்பதில்லை. இஞ்சியோ எலுமிச்சையோ சேர்த்து, நல்ல இலைத் தேயிலையில் போட்டால் பாலின் நினைவே வராது என்று சொல்ல மாட்டேன்; ஆனால் மாலை நேரத்துக்கு அது போதும்.

பால் பொங்கி அடுப்பில் வழிவதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 மில்லி பால் வழிந்து போனால், ஐந்தாறு முறை தேநீர் போட எரிக்கும் எரிவாயுவின் வெளியேற்றத்துக்கு ஈடான இழப்பு அது. ஆற அமர அடுப்பருகில் நிற்க முடியாதவர்கள், சற்று உயரமான பாத்திரத்தைப் பயன்படுத்துவது நல்லது.

மூன்றாம் படி: பாலை இரண்டு முறை காய்ச்சாதீர்கள்

பல வீடுகளில் காலையில் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு தேநீருக்கென்று எடுத்து மறுபடியும் கொதிக்கவைக்கிறார்கள். குளிர்ந்த ஒரு லிட்டர் பாலை ஒருமுறை காய்ச்சுவதற்கு 16 முதல் 17 கிராம் எரிவாயு செலவாகிறது. நான்கு பேருக்கு ஒரு வேளைத் தேநீர் போடும் செலவும் இதே அளவுதான் என்பதால், இரண்டாம் முறை காய்ச்சுவதை எங்கெல்லாம் தவிர்க்க முடியுமோ அங்கெல்லாம் தவிர்ப்பது பயன் தரும்.

பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்யப்பட்டது. வாங்கியதிலிருந்து குளிரிலேயே வைத்திருந்த பாலாக இருந்தால், தேநீரோடு சேர்ந்து ஒரு கொதி வருவதே அதற்குப் போதும். தனியாகக் காய்ச்ச வேண்டிய கட்டாயம் இல்லை. வீட்டு வாசலில் கறந்து ஊற்றும் பால் அப்படியல்ல; அதைக் கட்டாயம் காய்ச்சியே ஆக வேண்டும். அத்தகைய வீடுகளில் செய்யத்தக்கது, பால் காய்ச்சும் நேரத்தையும் காலைத் தேநீரின் நேரத்தையும் ஒன்றாக்குவது: ஒரு பர்னரில் பால் காய்ந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் டிகாஷன் தயாராகிவிட்டால், பொங்கிய பாலை அப்படியே எடுத்து ஊற்றலாம். ஆறவைத்து மறுபடி சூடாக்கும் சுற்று காலை வேளையிலாவது நின்றுவிடும்.

பாலை முன்கூட்டியே வெளியே எடுத்துவைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவரலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 300 மில்லி பாலில் மிச்சமாவது ஒரு கிராம் சொச்சம் எரிவாயு. மறந்து போனால் கெடுவது முழுப் பால். வேண்டாம். பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதே, குடத்துத் தண்ணீர் நல்லதா என்ற யோசனையும் அப்படித்தான். அரை கிராமில் முடிந்துவிடும் கணக்கு அது.

நான்காம் படி: கொதிக்கவிடும் நேரத்தைக் குறையுங்கள்

எரிவாயுச் செலவில் நம் கட்டுப்பாட்டில் இருக்கும் பெரிய பகுதி இதுதான். தண்ணீர் கொதிநிலையைத் தொட்ட பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் வெப்பம் உயராது. கூடுதலாகத் தரும் ஆற்றல் முழுவதும் ஆவியாகவே வெளியேறும். நன்றாகச் சுண்டக் கொதித்தால்தான் தேநீர் என்று நினைப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சமையலறைத் தராசு இருந்தால், எல்லாவற்றையும் ஊற்றிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பும் இறக்கிய பின்பும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடை முழுவதும் ஆவி. தராசு இல்லாதவர்கள் டம்ளரால் அளக்கலாம். ஆவியாகும் ஒவ்வொரு 10 மில்லிக்கும் ஒரு கிராம் எரிவாயு என்று நினைவில் வைத்துக்கொண்டால் வேறு சூத்திரம் எதுவும் தேவையில்லை.

தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் வாங்கப்படுவது சிடிசி முறையில் அரைத்து உருட்டப்பட்ட டஸ்ட் தூள். துகள் மிகச் சிறியதாக இருப்பதால் மூன்று நான்கு நிமிடங்களிலேயே அதன் நிறமும் திடமும் தண்ணீரில் இறங்கிவிடும். அதற்கு மேல் கொதிக்கக் கொதிக்க இறங்குவது துவர்ப்பும் கசப்பும்தான். அந்தக் கசப்பை அடக்க நாம் மேலும் பாலையும் சர்க்கரையையும் சேர்க்கிறோம் என்பதால், அதிகம் கொதிக்கவிடுவதன் செலவு எரிவாயுவோடு நிற்பதில்லை.

செய்முறை இதுதான். 660 மில்லிக்குப் பதிலாக 620 மில்லியில் தொடங்குங்கள். குறைவாக ஆவியாகப் போவதால் குறைவாக ஊற்றினால் போதும். தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்கவிடுங்கள். இஞ்சி சேர்ப்பதாக இருந்தால் நன்றாகத் தட்டித் தண்ணீரிலேயே போட்டு ஒரு கொதி விடுங்கள்; பச்சை இஞ்சியைப் பாலில் போட்டால் அதிலுள்ள நொதி பாலைத் திரித்துவிடும். பிறகு தூளைப் போட்டு, தீயைச் சிறிதாக்கி, ஒரு நிமிடம் கழித்துப் பாலை ஊற்றுங்கள். பால் சேர்ந்து ஒரு கொதி வந்து மேலெழும்பியதும் அடுப்பை அணைத்து, மூடிவைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். அடுப்பு அணைந்த பிறகும் பாத்திரத்தில் 90 டிகிரிக்கு மேல் வெப்பம் இருப்பதால் தூள் தொடர்ந்து இறங்கிக்கொண்டேதான் இருக்கும். ஊட்டியில் 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. அங்கே போடும் தேநீரில் யாரும் திடம் குறைவு என்று குறை சொல்வதில்லை.

இந்த முறையில் ஆவியாவது 60 மில்லியிலிருந்து 20 மில்லியாகக் குறைந்தால் வேளைக்கு 4 கிராமும், குறைவாகத் தண்ணீர் காய்ச்சுவதால் இன்னும் அரை கிராமும் மிச்சம். 16 கிராமில் நான்கரை என்பது கால் பங்குக்கும் மேல். பணம் எதுவும் செலவழிக்காமல் கிடைப்பது.

ஐந்தாம் படி: பாத்திரமும் பர்னரும்

தீ பாத்திரத்தின் அடிக்குள் அடங்கியிருக்க வேண்டும். பக்கவாட்டில் ஏறி எரியும் தீ கைப்பிடியையும் சமையலறையையும் சூடாக்குகிறதே தவிர தேநீருக்கு உதவுவதில்லை. குறுகலான பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்து முழுத்தீயில் எரித்தால் வெப்பத்திறன் 30 சதவீதத்துக்கும் இறங்கக்கூடும். தட்டையான, தீயைவிட அகலமான அடியுள்ள பாத்திரத்தைச் சிறிய பர்னரில் வைப்பதே சரி. தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால், பர்னர் துளைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆறாம் படி: எரிவாயுவா, இண்டக்‌ஷனா, கெட்டிலா

மின்சார அடுப்புக்கு மாறினாலே பசுமை என்று எழுதுபவர்கள், அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இண்டக்‌ஷன் அடுப்பின் வெப்பத்திறன் 85 சதவீதம் அளவில் இருப்பதால், நம் மாதிரி வீட்டின் ஒரு வேளைத் தேநீருக்கு 0.12 யூனிட் மின்சாரம் போதும். ஆனால் நிலக்கரி மிகுந்த இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அதன்படி ஒரு வேளைக்கு 85 கிராம் ஆகிறது; எரிவாயுவிலோ 48 கிராம்தான். இன்றைய நிலையில், ஒழுங்காகப் பயன்படுத்தப்படும் எரிவாயு அடுப்பு கரியமில வாயுக் கணக்கில் முன்னிற்கிறது. மேலே சொன்ன 30 சதவீத வெப்பத்திறனில் எரியும் பர்னரைத்தான் இண்டக்‌ஷன் ஏறத்தாழ எட்டிப்பிடிக்கிறது.

கூரையில் சூரிய மின்தகடு வைத்திருக்கும் வீட்டில் இந்த முடிவு தலைகீழாகும். பகல் பதினோரு மணித் தேநீரையோ நான்கு மணித் தேநீரையோ இண்டக்‌ஷனில் போடலாம். தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்றாலை மின்சாரம் மிகுதியாகக் கிடைப்பதால், அப்போது தொகுப்பு மின்சாரமும் சற்றுத் தூய்மையாகவே இருக்கும். எரியும் தீ இல்லாததால் சன்னல் இல்லாத சிறிய சமையலறையில் காற்று கெடாது என்பது இண்டக்‌ஷனுக்கு எப்போதும் உள்ள நன்மை. கரியமில வாயுவைக் கணக்கில் கொள்ளாமலேயே அதற்காக மாறுபவர்கள் உண்டு, அது நியாயமான காரணமும்கூட.

மின்கெட்டில் தண்ணீருக்கு மட்டுமே. அதில் பாலைக் கொதிக்கவைத்தால் அடிப்பிடித்துத் தீய்ந்துவிடும். 1,500 வாட் கெட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் கொதித்துவிடும் என்பதால் பாலில்லாத தேநீருக்கு அது வசதியானது. ஒரு கோப்பைக்காகக் கெட்டிலை நிரப்பிக் கொதிக்கவைத்து மீதியை ஆறவிடும் பழக்கம்தான் அதன் பெரிய கேடு, அளந்து ஊற்றுங்கள்.

ஏழாம் படி: ஆறிய தேநீரும் ஃபிளாஸ்க்கும்

வீட்டில் ஆளுக்கொரு நேரத்தில் எழுந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அடுப்பு எரியும். பால் சேர்த்த தேநீரை மணிக்கணக்கில் ஃபிளாஸ்க்கில் வைத்தால் சுவை கெடுவதோடு பாலும் கெடும். அதனால் வடிகட்டிய டிகாஷனை மட்டும் ஃபிளாஸ்க்கில் வைத்துவிட்டு, வேண்டியபோது சூடான பாலைச் சேர்த்துக்கொள்வதே நல்லது. மிஞ்சிப் போன தேநீரைக் கொட்டுவது அதிலுள்ள பாலையும் சேர்த்துக் கொட்டுவதாகும் என்பதால், ஒரு டம்ளர் குறைவாகப் போடுவது எப்போதும் பாதுகாப்பான பக்கம்.

எட்டாம் படி: தூளைத் தேர்ந்தெடுத்தல்

நான்கைந்து கிலோ பச்சை இலையிலிருந்து ஒரு கிலோ தூள் கிடைக்கிறது. இடையில் போவது பெரும்பாலும் நீர். கோப்பைக்கு 2.5 கிராம் தூள் என்றால் அதற்காகத் தொழிற்சாலையில் வெளியேற்றப்படும் நீர் 9 கிராம் அளவில் இருக்கும், அதிலும் ஒரு பகுதி இலையை வாட்டும்போதே காற்றில் போய்விடும். நம் மாதிரி வீட்டின் அடுப்பில் கோப்பைக்கு 15 மில்லி ஆவியாகிறது என்பதோடு இதை ஒப்பிட்டால், உலர்த்தும் செலவு வீட்டுச் செலவைவிடப் பெரிதல்ல என்பது விளங்கும். நீலகிரித் தொழிற்சாலைகளில் இந்த உலர்த்தலுக்கு விறகு எரிக்கப்படுவதும், சோலைக்காடுகளும் புல்வெளிகளும் இருந்த இடத்தில்தான் தோட்டங்கள் எழுந்தன என்பதும், உரமும் பூச்சிமருந்தும் தூளின் சுற்றுச்சூழல் விலையில் அடங்கியவை. நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை இணைக்கும் இன்ட்கோசர்வ் விற்கும் ஊட்டி டீயோ, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பட்ட டான்டீயின் தூளோ கிடைத்தால், பயணத் தொலைவாவது குறையும்.

தேநீர்ப் பைகளை அன்றாட வழக்கமாக்காமல் இருப்பது நல்லது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் நெகிழியால் ஆன தேநீர்ப் பைகளை 95 டிகிரித் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தபோது, ஒரு பையிலிருந்து 1,100 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணெகிழித் துகள்கள் வெளிவந்ததாகத் தெரிவித்தார்கள். காகிதப் பைகள் பலவற்றிலும் ஓரத்தை ஒட்டுவதற்கு நெகிழி இழை சேர்க்கப்படுகிறது.

ஒன்பதாம் படி: பாக்கெட்டும் சக்கையும்

2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த நெகிழித் தடையில் பால் பாக்கெட்டுகளுக்கு விலக்கு உண்டு. பாக்கெட்டின் நுனியைத் தனியாக வெட்டி எடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். தனியாக விழும் அந்தச் சிறு துண்டுகள் எந்த மறுசுழற்சிக்கும் போய்ச் சேராமல் சாக்கடைக்கே போகின்றன. பாக்கெட்டை அலசி, அலசிய தண்ணீரைத் தேநீர்ப் பாத்திரத்திலேயே ஊற்றிக்கொண்டு, கவரைக் காயவைத்துச் சேர்த்துவைத்தால் பழைய பேப்பர்க்காரர் எடுத்துக்கொள்வார்.

தேயிலைச் சக்கையை அப்படியே ரோஜாத் தொட்டியில் கொட்டினால் பாலும் சர்க்கரையும் எறும்பையும் நாற்றத்தையும் கொண்டுவரும். வடிகட்டியிலேயே ஒருமுறை அலசி, நிழலில் உலர்த்தி, மண்ணோடு கிளறிவிடுங்கள். தொட்டி இல்லாதவர்கள் மக்கும் குப்பைத் தொட்டியில் போடலாம். பாலில்லாத தேநீரின் சக்கைக்கு இந்த அலசல்கூடத் தேவையில்லை.